ஏர்கன்னைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்புள்ள கார்த்திக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய், அதனால் முழுசாக டைப் அடித்து அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா பேருக்கு நீளமாக ஒரு பார்சல் வந்தது. திரைச்சீலைக் கம்பி என்று நினைத்து வாங்கி வைத்தேன், பிரித்தால் ஏர்கன். கூடவே ஒரு வட்ட டப்பாவில் ஈயக் குண்டு, குலுக்கினால் கொத்தமல்லி விதை மாதிரி சத்தம். அப்பா முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் வாட்ஸ்அப்பில் பேசி முடித்த காரியம் என்று.

மரநாய், அதுதான் மரமேறும் அந்தப் பூனை மாதிரிப் பிராணி, தொல்லை கொடுக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. உன் கல்யாணத்துக்காக ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டோமே, அதற்குள்தான் குடித்தனம். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் யாரோ தேங்காயை உருட்டி விளையாடுகிற மாதிரி ஒரே ஓட்டம். ஏசி பைப் போகிற மூலையில் மூத்திரக் கறை இலங்கை வரைபடம் மாதிரி இறங்கியிருக்கிறது. கொல்லைப் பப்பாளியில் பழுத்ததெல்லாம் அதற்குத்தான், காலையில் மொட்டை மாடியில் கருப்புக் கருப்பாகப் பப்பாளி விதையோடு எச்சம் கிடக்கும், அதைக் கூட்டித் தள்ளுகிறவள் நான், உன் அப்பா இல்லை.

ஆனால் "நம்ம வீடு, நம்ம சீலிங், யார் கேக்கப் போறாங்க" என்று நீ அவருக்கு எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு நம்முடையதுதான், வரி ரசீது என் பேரில்தான் வருகிறது. அதற்காக மேலே படுத்திருக்கிற பிராணியும் நம்முடையதாகிவிடுமா? முப்பது வருஷம் கோர்ட்டில் டைப் அடித்தவள் நான், இந்தச் சட்டமும் கையில் பட்டிருக்கிறது.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பேரில் வனம் இருக்கிறதே தவிர, காட்டுக்குள் இருக்கும் வரைக்கும்தான் பாதுகாப்பு என்று அதில் எங்கேயும் கிடையாது. மேடவாக்கத்து மாடியில் இருந்தாலும் மரநாய் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்குதான். 9-ஆம் பிரிவு வேட்டையாடக் கூடாது என்கிறது. வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பொறி வைத்துப் பிடிப்பது, இரை போட்டு இழுப்பது, விஷம் வைப்பது எல்லாம் அதில் சேர்த்தி, முயற்சி செய்தாலே போதும். தெருக்கோடியில் ஒருத்தர் இரண்டாயிரம் ரூபாய் கொடுங்கள், கூண்டில் வாழைப்பழம் வைத்துப் பிடித்து நன்மங்கலம் காட்டில் விட்டுவிடுகிறேன் என்றார். அதுவும் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாத வேலைதான், நல்ல மனசோடு செய்தாலும். சிக்கினால் மூன்று வருஷம் வரை ஜெயில், இல்லையென்றால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். முன்பு 25,000 ரூபாயாக இருந்த அபராதத்தை 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது ஏற்றிவிட்டார்கள். சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது கூடுதல் பாதுகாப்புள்ள பட்டியலில், உள்ள விலங்கு என்றால் குறைந்தது மூன்று வருஷம், ஏழு வரைக்கும் போகும்.

இதைச் சொன்னதும் உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "என் மேல பாஞ்சுது, தற்காப்புக்குச் சுட்டேன்னு சொல்லிடறேன்." அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் வேடிக்கை. தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொன்றால் குற்றம் இல்லை என்று 11-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் அதே இடத்தில் ஒரு கொக்கி போட்டிருக்கிறார்கள்: இந்தச் சட்டத்தை மீறி ஏதோ செய்துகொண்டிருக்கும்போது அந்த நிலைமை வந்தது என்றால் தற்காப்பு செல்லாது. அதாவது ஏணி போட்டு ஏறி, பலகையைத் தள்ளி, தூங்குகிற மரநாய் முகத்தில் டார்ச் அடித்து, துப்பாக்கியை நீட்டி, அது பயந்து பாய்ந்தது என்றால் அந்தப் பாய்ச்சல் கணக்கில் வராது. அப்புறம், செத்த உடம்பு அரசாங்கச் சொத்து. கொல்லையில் புதைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே என்று நீ கேட்பாய். குழல் .177 அங்குல ரகமாக, குண்டு கிளம்பும் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால், வேண்டாம்தான். அது வாங்கி வைத்துக்கொள்வதற்கு. அட்டையில் வட்டம் போட்டுச் சுடு, காலி டப்பாவைச் சுடு, யாரும் கேட்க மாட்டார்கள். எலியும் பெருச்சாளியும் அந்தப் பட்டியலில் இல்லை, அதுகளுக்கு நம் வீட்டு எலிப்பொறியே போதும். தெருநாயைச் சுட்டால் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது, இதை உன் அப்பாவுக்காகச் சொல்கிறேன், பழுப்பு நாயோடு அவருக்கு என்ன பகை என்று உனக்கே தெரியும்.

ஹூஸ்டனில் உன் பக்கத்து வீட்டுக்காரர் பரணில் ரக்கூனைச் சுட்டாராம், ஒன்றும் ஆகவில்லையாம். அந்த ஊர் நியாயம் அந்த ஊருக்கு. அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, ஊர் எல்லைக்குள் துப்பாக்கி சுடவே கூடாது என்று வைத்திருக்கிற நகரங்களும் நிறைய. நீ அங்கே எதையாவது செய்வதற்கு முன்னால் விசாரித்துக்கொள்.

சட்டத்தை விடு. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பரணில் ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்து, எங்கே என்று தெரியாமல் பத்து நாள் ஊதுபத்தியும் சாம்பிராணியுமாக இருந்தோமே, மறந்துவிட்டாயா? இது அதைப் போலப் பல மடங்கு. பலகை வழியாகச் சுட்டு, குறி தப்பி, காயத்தோடு அது உள்ளே எங்கேயோ போய்ச் செத்தால் சீலிங் முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் தாத்தாவிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மரநாய் பனைமரத்தில் ஏறிக் கலயத்துக் கள்ளைக் குடிக்கிறது என்று கள் இறக்குகிறவர் வந்து புலம்ப, தாத்தா ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தார். 1966-67 இருக்கும், இந்தச் சட்டமே இல்லாத காலம். திண்ணையில் போட்டிருந்தார்கள். வாயோரம் கள் நுரை காயவே இல்லை. உள்ளங்கால் ரோஸ் நிறத்தில், கைக்குழந்தைக்கு இருக்கிற மாதிரி. எனக்கு ஏழு வயசு, அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்வாள்.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். வனத்துறைக்குப் போன் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு பையன் வந்தான், மாடிக்குப் போய்ப் பார்த்தான். ஏசி பைப்புக்காகச் சுவரில் போட்ட ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டதுதான் வழி, பூனை நுழையுமளவு இடம். ராத்திரி அது இரை தேடி வெளியே போன பிறகு வலை அடித்துவிடுங்கள், ஆனால் உள்ளே குட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், குட்டியை உள்ளே வைத்து அடைத்தால் தாய் சீலிங்கையே பிய்த்துவிடும் என்றான். ஓட்டை வாசலில் மாவு தூவச் சொன்னான். நான் கோலமாவு தூவினேன். காலையில் பார்த்தால் ஐந்து விரல் தெளிவாக, வெளியே போன தடம் ஒன்று, உள்ளே வந்த தடம் ஒன்று, அச்சு வார்த்த மாதிரி. அப்பா அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், கேள், அனுப்புவார். சுட வேண்டும் என்று குதித்தவர் இப்போது தினமும் விடியற்காலையில் மாவு பார்க்க முதல் ஆளாக ஏறுகிறார்.

நேற்று சாயங்காலம் அவர் ஸ்டூலில் ஏறிப் பலகையில் காதை வைத்துக் கேட்டார். கீச்சுக் கீச்சென்று மெல்லிசாகச் சத்தம். இரண்டோ மூன்றோ இருக்கும் போல. ஆகவே அதுகள் தாயோடு வெளியே நடமாடுகிற வரைக்கும் வலை அடிக்க முடியாது, இந்த மாதமும் பப்பாளி நமக்கு இல்லை. கறைக்குக் கீழே பழைய வேஷ்டி விரித்திருக்கிறேன். கம்பி வலை வாங்கி வைத்தாகிவிட்டது, மேஸ்திரியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏர்கன் டப்பாவோடு பீரோ மேலே இருக்கிறது. நாளைக்குக் கூரியர்காரர் எடுத்துப்போக வருகிறாராம். பணம் உன் கார்டுக்குத்தான் திரும்பி வரும் என்றார்கள், வந்ததா என்று பார்த்துச் சொல்.

அம்மா