நாலு நாளில் சான் பிரான்சிஸ்கோ

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ அனுப்பிய பழைய ரயில் விளம்பரப் படம் வந்து சேர்ந்தது. கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டச் சொல்கிறாள். நான்தான் மேசையில் விரித்து வைத்து இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். புக்கிங்கில் உட்கார்ந்தவன் புத்தி.

1869 மே 10 முதல் அமெரிக்காவின் நடுவிலுள்ள ஒமாஹாவில் ஏறினால் நாலு நாளுக்குள் சான் பிரான்சிஸ்கோ, கடல் ஆபத்து கிடையாது என்று யூனியன் பசிபிக் ரயில் கம்பெனிக்காரன் போட்டிருக்கிறான். அந்தக் கடைசி வார்த்தை கப்பல்காரனுக்கு வைத்த குட்டு. தென் அமெரிக்காவின் அடிக்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றினால் மாதக்கணக்கு, பனாமா வழி என்றால் காய்ச்சல் பயம். பிறகு யார் கப்பல் ஏறுவார்கள்? தங்கம், வெள்ளி தேடுகிறவர்களையும் கூவிக் கூப்பிடுகிறான். சொகுசுப் பெட்டி, வழியில் சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டாம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

தலைப்பில் அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் வரை ரயில் என்கிறானே, அதுதான் இடிக்கிறது. ஒமாஹாவில் மிசௌரி ஆற்றுக்குப் பாலம் 1872-இல்தான் வந்தது. அதுவரை கிழக்கேயிருந்து வந்தவர்கள் படகில் தாண்டித்தான் வண்டி பிடித்தார்கள். அந்தக் கோடியில், மேற்கேயிருந்து பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் தண்டவாளம் அப்போது உன் சாக்ரமென்டோவோடு சரி. மிச்ச தூரத்துக்கு எப்படியும் ஸ்டீமர் ஏற வேண்டியிருந்தது. சியரா மலையைக் குடைந்த ஆயிரக்கணக்கான சீனர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. வருகிறவனிடம் நல்லதை மட்டும் சொல்லுவது விளம்பரக்காரனுக்குத் தொழில். வீட்டு மனுஷர்களிடம் அப்படிப் பேச வேண்டியதில்லை.

போன ஞாயிறு நீ வீடியோவில் பேசினபோது பின்னால் சுவர் வேறு நிறமாக இருந்தது. அம்மா கவனித்துவிட்டாள். பெயின்ட் அடித்திருப்பான் என்று நானே சொல்லிவைத்தேன். அனிதாவும் பேசி நாளாகிறது. ஆபீசில் வேலை அதிகமாக இருக்கும்.

ஸ்டேஷன் பக்கம் போனால் பழைய ஆட்கள் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் சித்தப்பா மாதிரி எதையும் உள்ளேயே வைத்துக்கொள்ளாதே. ராத்திரி கண் விழிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் போட்டு வைத்திருக்கிறாள். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எழுது.

அப்பா