என் இசைத்தட்டுகளைக் கழுவித் தந்தவருக்கும் உங்கள் எல்லோருக்கும்

வீட்டுக்குள் தண்ணீர் வந்த இரவைப் பற்றி நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை, பாதிப் பேர் நேரிலேயே வந்து பார்த்தீர்கள். வீடு ஓரளவு காய்ந்துவிட்டது, நான் நல்லபடியாக இருக்கிறேன்.

நனைந்த கம்பளத்தை இழுத்து வெளியே போட்ட பிள்ளைகள், "அக்கா, யோசிக்காமல் எங்கள் வீட்டில் வந்து படுங்கோ" என்று சாவியைக் கையில் வைத்த பக்கத்து வீட்டுத் தங்கச்சி, பருப்பு சூப்போடு படியிறங்கி வந்துகொண்டே இருந்த மேல்மாடித் துருக்கிக் குடும்பம், காப்புறுதிக் கடிதங்களை எல்லாம் எழுதித் தந்த மருமகன், எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்லத்தான் போகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நனைந்த சாமான்களோடு என் இசைத்தட்டுப் பெட்டியும் வாசலில் கிடந்தது, அந்த வழியாகப் போன மனிதர் குனிந்து ஒரு தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஃபோர் ஏசஸில் போட்ட பாட்டுகள் அல்லவா" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் நர்ஸிங் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். மத்திய லண்டனில் எங்கள் நிறத்தைப் பார்த்ததும் 'இன்றைக்கு இடமில்லை' என்று கதவிலேயே நிறுத்திய கிளப்புகள் உண்டு. அப்போதுதான் விடுதியில் கூட இருந்த ஜமைக்கா, பார்படோஸ் பிள்ளைகள் என்னைக் கிழக்கு லண்டனில் டால்ஸ்டன் லேனில் இருந்த ஃபோர் ஏசஸ் கிளப்புக்குக் கூட்டிப் போனார்கள். பழைய தியேட்டர் கட்டடம், 1966இல் நியூட்டன் டன்பார் தொடங்கிய இடம். உள்ளே கால் வைத்ததும் பாட்டின் பேஸ் அதிர்வு காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிடும். ஒரு பக்கம் சோல், அப்புறம் ரெகே, விடியப் போகும் நேரத்தில் லவர்ஸ் ராக் என்ற மெதுவான காதல் ரெகே. சுவரெல்லாம் வியர்த்திருக்கும். நான் யார், எங்கிருந்து வந்தேன் என்று அங்கே ஒருவரும் விசாரித்ததில்லை, ஆடத் தெரியாமல் நின்றால் மட்டும் யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த மனிதர் பெட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஊறி ஒட்டிப்போன கடதாசி உறைகளைப் பொறுமையாக உரித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி சோப்பு விட்டு, மெல்லிய பிரஷால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, கோப்பை காயவைக்கும் தட்டியில் நிமிர்த்தி நிறுத்தினார். ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவே இல்லை, சூட்டில் தட்டு வளைந்துவிடுமாம். நடுவில் பெரிய துளை போட்ட ஜமைக்காத் தட்டுகள் சிலவற்றில் லேபிளே கழன்று போயிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, முதல் சில விநாடிகளைக் கேட்டே யார் பாடியது என்று சொல்லி, புது வெள்ளை உறையில் பென்சிலால் எழுதினார். லூயிசா மார்க் என்ற பாடகியின் 1975 தட்டு வந்தபோது கையை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளையாக ஃபோர் ஏசஸ் மேடையில் பாட்டுப் போட்டிகளில் வென்றவள் அவள், லவர்ஸ் ராக் என்று பிறகு உலகம் கொண்டாடியதற்கு அந்தத் தட்டுதான் பிள்ளையார் சுழி. அவள் பாடும்போது தான் கீழே நின்றதாகச் சொன்னார். இரண்டு பேரும் அன்று பின்னேரம் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அதைப் பற்றியே கதைத்தோம்.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. தூக்கி எறியப் போகும் பெட்டி என்று தாண்டிப் போயிருக்கலாம், எத்தனையோ பேர் அப்படித்தான் போனார்கள், அவர்கள் மேல் குறையும் இல்லை. ஆனால் ஃபோர் ஏசஸ் இருந்த கட்டடத்தை 2007இல் இடித்தார்கள், வேண்டாம் என்று ஊரே போராடியும் இடித்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகளும் சி.எல்.ஆர். ஜேம்ஸ் நூலகமும் இருக்கின்றன. சுவர் போன பிறகு அந்த இரவுகள் இப்படிப் பெட்டிகளிலும் ஆட்களின் ஞாபகத்திலும்தான் இருக்கின்றன, அதில் ஒரு பெட்டியை அவர் காப்பாற்றித் தந்திருக்கிறார்.

இனி இவற்றைத் தரையில் வைக்க மாட்டேன், பூட்டியும் வைக்க மாட்டேன். அவர் சொல்லச் சொல்லப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டேன், முடிந்ததும் ஒரு பிரதியை அந்தப் பகுதியின் ஹாக்னி ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பேன். அந்தக் கிளப்பின் நுழைவுச்சீட்டோ படமோ துண்டுப் பிரசுரமோ உங்கள் அலமாரியில் கிடந்தால் தயவுசெய்து எறியாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.