நான் போட்ட கையெழுத்துகள்

அன்புள்ள கயலுக்கு,

நேற்று போனில் "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை, சொல்ல வெட்கமாக இருந்தது.

அமெரிக்காவில் துறைத் தலைவராக இருக்கும் என் நண்பரிடம் ரெசிடென்சி என்கிற மேற்பயிற்சிக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாமா என்று கேட்டாய். கேட்டால் உடனே தருவார். ஆனால் அவர் உன்னைக் கடைசியாகப் பார்த்தது உன் காதுகுத்தில்.

நானும் அப்படி நிறையக் கொடுத்திருக்கிறேன். ஹவுஸ் சர்ஜன்களே டைப் அடித்துக் கொண்டுவருவார்கள், ஓ.பி. நடுவில் கையெழுத்துப் போடுவேன். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், பணிவானவர். பள்ளிக்கூடத்து நன்னடத்தைச் சான்றிதழ்தான், லெட்டர்ஹெட் மட்டும் வேறு. ஒரு பையன், தோழியின் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவந்தான். மூன்றாவது வரியில் அவன் இன்னும் 'அவள்' ஆகவே இருந்தான். அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

நானே உட்கார்ந்து எழுதியது ஒன்றுதான். இரவு டூட்டியில் ஒரு பாம்புக்கடி. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையில் ரத்தம் உறையவில்லை, விஷம் ஏறியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். விஷமுறிவு மருந்தை எடுப்பதற்கு முன் அந்த ஹவுஸ் சர்ஜன் பெண் டியூபைப் பார்த்தாள். பிளாஸ்டிக். அதில் ரத்தம் சரியாக உறையாது. கண்ணாடி டியூபில் மறுபடி போட்டாள், உறைந்தது. அப்புறமும் விடியும்வரை சோதித்துக்கொண்டு அந்த மனிதரின் பக்கத்திலேயே இருந்தாள். கடிதத்தில் இதை மட்டும்தான் எழுதினேன். உழைப்பாளி என்ற சொல்லே வரவில்லை.

அதனால் உன்னை ரவுண்ட்ஸில் தினமும் பார்க்கிற அந்த இளம் டாக்டரிடமே கேள். அப்சர்வர்ஷிப் என்றால் கூட நின்று பார்ப்பதுதான், நோயாளியைத் தொட விடமாட்டார்கள், சரி. ஆனால் நீ கேட்ட கேள்வியை, மறுநாள் படித்துவந்து சொன்னதை அவர் பார்த்திருக்கிறார். அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான முதல் தேர்வான ஸ்டெப் 1, 2022-இல் மதிப்பெண் இல்லாமல் வெறும் பாஸ், ஃபெயில் என்று ஆகிவிட்ட பிறகு ஆளைத் தெரிந்துகொள்ள இந்த மாதிரி வரிகளைத்தான் தேடுவார்கள்.

"வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்று நேராகவே கேள். நம் ஊர்க் கூச்சம் வேண்டாம். இழுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. அரைமனதுக் கடிதத்துக்கு இல்லாததே மேல். இந்த அப்சர்வர்ஷிப் முடிவதற்குள் கேட்டுவிடு. இரண்டு மாதம் கழித்து அவருக்கு உன் முகம்தான் ஞாபகம் இருக்கும், கேஸ் இருக்காது. பயோடேட்டாவோடு, அவரோடு பார்த்த இரண்டு மூன்று கேஸ்களையும் ஒரு தாளில் குறித்துக் கொடு.

ஈராஸ் என்கிற ரெசிடென்சி விண்ணப்பத் தளத்தில் ஒரு புரோகிராமுக்கு நான்கு கடிதம்தான் போகும், அவற்றை எழுதுகிறவர்களேதான் ஏற்றுவார்கள். படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக டிக் அடித்துவிடு. நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்தால்தான் அந்தக் கடிதத்தை நம்புவார்கள். செப்டம்பர் கடைசியில் விண்ணப்பங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் ஆகஸ்டிலேயே ஒருமுறை மெதுவாக நினைவுபடுத்து.

நண்பரிடம் நான் பேசிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ் முடிந்ததும் கேட்டுவிட்டு போன் பண்ணு. இங்கே நடுராத்திரியானாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன்.

அப்பா