நம்மூர் ஓவியர்களுக்கு ஒரு கூடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சேலம் அம்மாப்பேட்டையில் உள்ளூர் ஓவியர்கள் சேர்ந்து வைத்திருந்த கண்காட்சியைப் பார்த்தேன். 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ தொடங்கிய ஊர் இது. சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர்களும் இங்கே உண்டு. ஃபிளெக்ஸ் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. அப்படித் தூரிகையை வைத்துவிட்டு லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போன பெரியவர் ஒருவர், ஏற்காடு மலைப்பாதையைப் பெரிய துணியில் தீட்டியிருந்தார். பழைய பழக்கம் விடவில்லை. சாக்பீஸால் போட்ட கட்டங்கள் வானத்து நீலத்துக்கு அடியில் மங்கலாகத் தெரிகின்றன. கிட்டே நின்றால் வெறும் வண்ணத் திட்டுகள், பத்தடி தள்ளி வந்தால் மலை எழுந்து நிற்கிறது. தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்ப்பதற்கென்றே பழகிய கை அது! கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கோட்டோவியங்களும் அருமை.

இரண்டே நாளில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். சரி, வாடகைக் கூடம், அவர்களுக்கு வேறு வழியில்லை. மாநகராட்சி மனது வைத்து ஒரு கூடத்தை நிரந்தரமாக ஒதுக்கித் தரவேண்டும். அப்புறம், பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்து வந்து, கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்கும் வித்தையை இந்தப் பெரியவர்கள் கையாலேயே கற்றுக்கொடுக்கச் செய்யவேண்டும்.

- வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்