இரைகிற கேபினெட்டும் கண்ணாடி முகப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் கணினியைப் பராமரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தூசி தட்டுவது, பிராசஸர் சிப்பின் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்துபோனால் அதை மாற்றுவது பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஃபேன் சத்தம் பற்றிய இரண்டு வரிகள்தான் உறுத்தின. குளிர்ச்சி வேண்டுமென்றால் இரைச்சலைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும், சூடு தாங்காவிட்டால் கேபினெட்டின் (கணினிப் பெட்டியின்) பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். இரண்டுக்கும் அவசியமில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் திருச்சியில் வீட்டு அறையொன்றில் குரல் பதிவு செய்து பிழைப்பவன். மைக், கணினி இரண்டும் ஒரே அறையில். பதிவு ஓடும்போது மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிடுவோம். மே மாதத்தில் அந்த அறை எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது மிச்சமிருக்கும் ஒரே சத்தம் கேபினெட்டுடையது. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம்.

ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். சத்தம் அந்தக் கணக்கில் குறைவதில்லை. சுமார் 15 டெசிபெல் இறங்கிவிடும். 10 டெசிபெல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல இருக்கும். அதே சமயம், ஒரே மாதிரியான இரண்டு ஃபேன்கள் சேர்ந்து ஓடினால் கூடுவது 3 டெசிபெல்தான். அப்படியானால் 1,400 ஆர்.பி.எம்.-இல் (நிமிடத்துக்கு 1,400 சுற்று) கத்திக்கொண்டிருக்கும் ஒரு ஃபேனுக்குப் பதில் 700-இல் இரண்டை ஓடவிட்டால், கிட்டத்தட்ட அதே காற்று கிடைக்கும், சத்தம் 12 டெசிபெல் குறையும். 120 மி.மீ. ஃபேனுக்குப் பதில் 140 மி.மீ. மாட்ட இடமிருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் காற்று உள்ளே வர வழி வேண்டும். வேகம் பாதியானால் ஃபேன் தரும் அழுத்தம் கால்வாசியாகிவிடும். முகப்பு அடைபட்டிருந்தால் எத்தனை ஃபேன் சேர்த்தும் பெரிய பயனில்லை, எல்லாமே அந்த ஒரே இடுக்கு வழியாகத்தான் இழுத்தாக வேண்டும். இப்போது கடைகளில் முன்வரிசையில் வைத்திருக்கும் மலிவு விலை கேபினெட்டுகளைப் பாருங்கள். பலவற்றில் முகப்பு முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் கலர் கலராக எரியும் மூன்று ஃபேன்கள். காற்று நுழைவதற்கு ஓரத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போலத்தான் இது.

அதைவிட மோசம் உள்ளே இருக்கும் வயர். இந்த மாதிரி கேபினெட்டுகள் பலவற்றில் மூன்று ஃபேன்களின் வயரும் மோலெக்ஸ் என்ற மின் கனெக்டர் வழியாக நேராக எஸ்.எம்.பி.எஸ்.-க்கு (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிக்கு) போய்விடும். 12 வோல்ட் முழுசாகப் பாயும். நீங்கள் கடிதம் டைப் செய்தாலும் சரி, வீடியோ எடிட் செய்தாலும் சரி, ஃபேனுக்கு ஒரே வேகம்தான். எல்லா பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுக்கு அப்படி ஒரு ஃபேன் இருப்பதே தெரியாது. கடைக்காரர் ஒருவரிடம் இதன் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். “லைட் எல்லாம் நல்லா எரியுதே சார், அப்புறம் என்ன?” என்றார்.

குற்றம் முகப்பில்தானா என்று தெரிந்துகொள்ளச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. கனமான வேலை ஒன்றை ஓடவிட்டு, வெப்பநிலை ஏறி ஓரிடத்தில் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் முன் முகப்பை மட்டும் கழற்றிவிட்டு அதே வேலையை மறுபடி ஓட்டுங்கள். ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஃபேனைத் திட்டிப் பயனில்லை.

பக்கத் தகட்டைக் கழற்றும் யோசனைக்கு வருகிறேன். சில கணினிகளில் வெப்பம் குறையலாம், மறுக்கவில்லை. ஆனால் முன்பக்கம் நுழைந்து கிராஃபிக்ஸ் கார்டையும் பிராசஸரையும் தொட்டுப் பின்பக்கம் வெளியேற வேண்டிய காற்று தறிகெட்டுப் போகும். உள்ளே இருந்த சத்தம் முழுதும் நேராகக் காதுக்கு வரும். ஃபில்டர் தாண்டாமல் தூசி படியும். நம் வீடுகளில் பல்லியும் கரப்பானும் குடியேறும்.

ஃபேன் வயர் மதர்போர்டுக்கு வந்துவிட்டால் மீதி வேலை பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்). ஃபேன் வேகத்தை அமைக்கும் பகுதி சில போர்டுகளில் க்யூ-ஃபேன் என்றும், சிலவற்றில் ஸ்மார்ட் ஃபேன் என்றும் இருக்கும். நான்கு பின் (நான்கு கம்பி) ஃபேன் என்றால் பி.டபிள்யூ.எம். (துடிப்பு சிக்னலால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), மூன்று பின் என்றால் டி.சி. (வோல்டேஜை மாற்றிக் கட்டுப்படுத்துவது) என்று தேர்வு செய்ய வேண்டும். மூன்று பின் ஃபேனை மாட்டிவிட்டு பி.டபிள்யூ.எம்.-இலேயே விட்டுவிட்டால் அது முழு வேகத்தில்தான் ஓடும். பலர் ஃபேனே சரியில்லை என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். அடுத்து, வேகம் மாறுவதற்குச் சில விநாடி தாமதம் வையுங்கள். பிரவுசரைத் திறந்தாலே பிராசஸர் சூடு சட்டென்று ஏறி இறங்கும். அதற்கெல்லாம் ஃபேன் உறுமிவிட்டு அடங்கினால் எரிச்சல்தான் வரும். சீரான மெல்லிய சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது.

வெப்பநிலையைப் பற்றிய பயமும் கொஞ்சம் குறைய வேண்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசை பிராசஸர்கள் பல முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. இன்டெலின் பல பிராசஸர்களுக்கு உச்சவரம்பு 100. அறையே 38 டிகிரியில் இருக்கும்போது உள்ளே 50-ஐத் தாண்டக் கூடாது என்று ஃபேனை விரட்டினால் அது கத்தாமல் என்ன செய்யும்? கனமான வேலையில் 75, 80 என்று காட்டினால் நான் கவலைப்படுவதில்லை.

இப்போது என்னிடம் இருப்பது மெஷ் (வலை) முகப்புள்ள ஒரு சாதாரண கேபினெட். முன்னால் 140 மி.மீ. ஃபேன் இரண்டு, பின்னால் 120 ஒன்று. உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருக்கும்படி வைத்திருப்பதால், தூசி ஃபில்டரோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. முன்னால் இருக்கும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடியபோது ‘வொம் வொம்’ என்று ஒரு அலை கேட்டது. ஒன்றின் வேகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்ததும் போய்விட்டது. திருகுக்குப் பதில் ரப்பர் பின் மாட்டினால் தகட்டின் அதிர்வும் குறையும். சத்தத்தை அடக்க உள்ளே ஃபோம் ஒட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கையில்லை. காற்று போகிற ஓட்டை வழியாகச் சத்தமும் போகத்தான் செய்யும். ப்ளோவரில் தூசி ஊதும்போது மட்டும் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழலவிட்டால் பேரிங் கெட்டுவிடும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை கேபினெட்டுகளை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது எத்தனை ஃபேன், என்ன கலர் என்பதோடு, முகப்பு மெஷ்ஷா கண்ணாடியா, ஃபேன் வயர் மதர்போர்டுக்கு வருகிறதா எஸ்.எம்.பி.எஸ்.-க்குப் போகிறதா என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.