"தவறவிட்டேன்" என்று எழுத மறுத்த காவலர் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் பெயரையும் ஸ்டேஷனையும் இங்கே எழுதவில்லை. நீ போனில் சொன்னதை உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் பொதுவில் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் நடப்பதில்லை. சென்னையில் வேலை பார்க்கும் பல இரண்டாம் நிலைக் காவலர்கள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், எனக்கு இனி யாரும் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க முடியாது, அதனால் நான் பேசலாம்.

நடந்தது இதுதான். இரவு வேலை முடித்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்த ஒரு பெண்ணிடமிருந்து பைக்கில் வந்த இரண்டு பேர் போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். முழங்கை சிராய்ப்போடு அந்த அம்மா ஸ்டேஷனுக்கு வந்தார். ஸ்டேஷன் காவலுக்கு பாராவில் நின்ற நீ உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் சொன்னதை அப்படியே எழுத உதவினாய். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் அதைப் படித்துவிட்டு, "பறித்துச் சென்றனர் வேண்டாம், செல்போனைத் தவறவிட்டேன் என்று எழுதி வாங்கு, சிஎஸ்ஆர் போட்டுக் கொடுத்துவிடலாம்" என்றார். சிஎஸ்ஆர் என்பது புகார் வந்ததற்கான ரசீது மட்டும்தான், வழக்கு இல்லை. அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லையே என்று நீ சொன்னாய். அவ்வளவுதான் நீ செய்தது. அடுத்த வாரம் ரோல் காலுக்குத் தாமதம் என்று ஒரு மெமோ, வாராந்திர ஓய்வு ரத்து, நைட் பார்த்துவிட்டு வந்தவனை வீட்டுக்கு விடாமல் நேராக பந்தோபஸ்துக்கு அனுப்பியது. "அண்ணே, நான் செய்தது தப்பா?" என்று கேட்டாய்.

தப்பே இல்லை. அதை முதலில் மனதில் ஏற்றிக்கொள், மற்றதை அப்புறம் பேசலாம்.

உன் ரைட்டரும் இன்ஸ்பெக்டரும் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரிய வேண்டும். எஃப்ஐஆர் போட்டால் அது ஒரு நம்பர். அந்த நம்பருக்கு கேஸ் கட்டு வேண்டும், சிசிடிவி எடுக்க வேண்டும், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ போட்டுத் தேட வேண்டும், மாதாமாதம் கிரைம் மீட்டிங்கில் டிடெக்‌ஷன் ஆச்சா என்று மேலே கேட்பார்கள். போன மாதத்தைவிட நம்பர் கூடியிருந்தால் எல்லோர் முன்னாலும் இன்ஸ்பெக்டரை நிற்கவைத்துக் கேட்பார்கள். சிஎஸ்ஆர் போட்டால் இதெல்லாம் கிடையாது. புகார் கொடுத்தவர் கையில் ஒரு ரசீது இருக்கும், அதை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கிக்கொள்வார், நிம்மதியாகப் போய்விடுவார். இன்ஸ்பெக்டர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை, அவர் கழுத்திலும் ஒருவர் கை இருக்கிறது. ஆனால் அதற்காக அவர் உன் கழுத்தைப் பிடித்தது நியாயம் ஆகாது.

அந்த ரசீதால் என்ன கெட்டுப்போகிறது என்பதுதான் எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். ஒரே தெருவில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி பைக்கில் வந்து ஐந்து பேரிடம் பறித்திருந்தாலும், ஐந்தும் "தவறவிட்டேன்" என்று எழுதப்பட்டால் அந்தத் தெருவில் எதுவுமே நடக்கவில்லை. அங்கே பேட்ரோல் போகாது. விளக்கு எரியாத கம்பத்தைப் பற்றி யாரும் மாநகராட்சிக்கு எழுத மாட்டார்கள். கிரைம் டீமிடம் அந்தப் பையன்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. அவர்களோ, ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் இன்னும் துணிச்சலாக வருவார்கள். 2023 ஜூலையில் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவரிடம் போனைப் பறிக்கப் போய், அவர் ரயிலிலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து இறந்துபோனார். ஒரு போன்தானே என்று பேசுகிற எவரையும் நான் அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த ஆசைப்படுகிறேன்.

சட்டம் உன் பக்கம் இருக்கிறது. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னது தெளிவானது: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும். முன்பு பறிப்பைத் திருட்டு என்றோ கொள்ளை என்றோ போட வேண்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 304ஆவது பிரிவு பறிப்புக்கென்றே இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை, ஜாமீனில் வர முடியாத பிரிவு. ஒரு ஓட்டை உண்டு, அதையும் நீ தெரிந்துகொள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவில், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று இருக்கிறது. அதைக் காட்டி உன் வாயை அடைக்கப் பார்ப்பார்கள். ஆனால் அதற்கு டிஎஸ்பி அந்தஸ்தில் உள்ள அதிகாரியின் முன் அனுமதி வேண்டும், சிட்டியில் அது ஏசி, அதாவது உதவி ஆணையர். ஏசி அனுமதி கொடுத்த காகிதம் உன் ஸ்டேஷனில் இருக்கிறதா? அப்படியே இருந்தாலும், பறித்தார்கள் என்று சொன்னவரைத் தவறவிட்டேன் என்று எழுதவைக்க எந்தப் பிரிவும் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை.

சரி, இப்போது உன் மெமோவுக்கு வருகிறேன். இரண்டையும் தனித்தனி விஷயமாக நீ நினைக்கிறாய் என்று உன் பேச்சில் தெரிந்தது. என் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். தன் குறையை எங்கேயும் சொல்ல முடியாத ஒருவனை பாராவில் நிறுத்தி, ஊரார் குறையைக் கேள் என்று சொல்கிறது நம் துறை. 1966ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, அரசின் அனுமதி இல்லாமல் போலீஸ்காரன் எந்தத் தொழிற்சங்கத்திலும் சேர முடியாது. மின்வாரியத்தில் ஒருவனுக்கு அநியாயமாக மெமோ வந்தால் சங்கத்து ஆள் நாலு பேர் அதிகாரி அறைக்குப் போவார்கள். உனக்கு இருப்பது ஓ.ஆர்., அதாவது மேலதிகாரி முன்னால் குறை சொல்லும் ஆர்டர்லி ரூம் மட்டும். அங்கே அட்டென்ஷனில் நின்று, உன் மேல் புகார் எழுதிய ஐயாவுக்கு மேல் உள்ள ஐயாவிடம், உன் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நல்ல உத்தரவுகள் வராமல் இல்லை. காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021இல் அரசாணையே போட்டார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் இதைக் கனவுகூடக் கண்டதில்லை, செய்தி பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்த ஓய்வைக் கொடுப்பதும் பறிப்பதும் ஸ்டேஷனில் டியூட்டி போடுகிறவர் கையில் இருப்பதால், உரிமையாக வந்த நாள் தண்டனையாக மாறிவிட்டது, உனக்கு நடந்ததுபோல. காவலரை அதிகாரி வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையும் இதே மாதிரிதான். 1979லேயே காகிதத்தில் ஒழித்தார்கள், 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் நான்கு மாதத்துக்குள் ஒழித்துக்கட்டச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் எத்தனை பேர் அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கியே சர்வீஸை முடித்தார்கள்!

கீழே இருப்பவனுக்குத்தான் இந்த நிலை என்றும் நினைக்காதே. 2021 பிப்ரவரியில் சிறப்பு டிஜிபி ஒருவர் மேல் பாலியல் புகார் கொடுக்க சென்னைக்குக் கிளம்பிய ஒரு பெண் எஸ்.பி.யை வழியில் செங்கல்பட்டு பக்கம் இன்னொரு எஸ்.பி. படையோடு மறித்தார். ஐபிஎஸ் படித்து, மாவட்டத்தையே கட்டி ஆளும் ஒரு அதிகாரிக்கே புகார் மனுவோடு ஒரு டோல்கேட்டைத் தாண்டுவது அவ்வளவு பாடு. அவர் விடவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்று சொல்லி, அந்த டிஜிபிக்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது. அந்த அம்மாவின் தைரியத்தை நான் எங்கே போனாலும் சொல்கிறேன்.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும், உன் கதையைக் கேட்டதும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. நியூயார்க் போலீஸில் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் என்று ஒருவர், புரூக்ளினில் 81ஆவது சரகத்தில் வேலை. அங்கே 1994 முதல் காம்ஸ்டாட் என்று ஒரு முறை, ஒவ்வொரு சரகத்தின் குற்றக் கணக்கையும் வைத்துக்கொண்டு அதிகாரிகளைக் கூட்டி உட்காரவைத்துக் கேள்வி கேட்பது, நம் கிரைம் மீட்டிங் மாதிரியேதான். கணக்கைக் குறைக்க வழிப்பறியைப் பொருள் தொலைந்த புகாராக மாற்றுவதும், புகார் கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்புவதும், இன்னொரு பக்கம் இத்தனை பேரை நிறுத்திச் சோதித்தே ஆக வேண்டும் என்று காவலர்களை நெருக்குவதும் நடந்தது. அவர் ரோல் காலில் அதிகாரிகள் பேசுவதையெல்லாம் பதிவு செய்துவைத்தார், உள்விசாரணைக்காரர்களிடமும் சொன்னார். 2009 அக்டோபர் 31 அன்று உடம்பு சரியில்லை என்று சீக்கிரம் வீட்டுக்குப் போனவரைத் தேடி மேலதிகாரிகள் வீட்டுக்குள்ளேயே வந்து, இழுத்துக்கொண்டு போய் மனநல வார்டில் சேர்த்தார்கள். ஆறு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். வீட்டில் நடந்ததையும் ஒரு ரெக்கார்டர் பதிவு செய்திருந்ததால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பிறகு துறையின் உள்விசாரணையே அவர் சொன்ன கணக்குத் தில்லுமுல்லு உண்மைதான் என்று எழுதியது. 2015இல் நகர நிர்வாகம் அவருக்கு 6 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. சங்கம் இருக்கும் ஊர், பத்திரிகைகள் துரத்தி எழுதும் ஊர், அங்கேயே ஒரு மனிதரை இந்தப் பாடு படுத்தினார்கள். பறிகொடுத்தவனின் புகாரை மறைக்கத் தொடங்கினால், அதைச் சொல்லும் காவலரையும் மறைத்தாக வேண்டும், இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மெமோவைக் கிழிக்காதே, கோபத்தில் பதில் எழுதாமலும் இருக்காதே. கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடு, கொடுத்ததற்கு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கு. அன்று எத்தனை மணிக்கு நைட் டியூட்டி முடிந்தது, எத்தனை மணிக்கு ரோல் காலுக்கு வந்தாய் என்பதை மட்டும் எழுது, ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பான ஜி.டி.யில் உள்ள பதிவைக் குறிப்பிடு. ரைட்டரைத் திட்டி ஒரு சொல்கூட வேண்டாம். விஷயம் ஒழுங்கு நடவடிக்கை விதியில் 3ஏ என்று போனால் சிறு தண்டனை, 3பி என்று போனால் உன் பதவி உயர்வையே பாதிக்கும். 3பி சார்ஜ் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சர்வீஸ் வழக்கு பார்க்கும் வக்கீலிடம் போ, மேல்முறையீடு இருக்கிறது, உயர் நீதிமன்றம் இருக்கிறது. தயவுசெய்து யூனிபார்மோடு வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போடாதே. ஊரே இரண்டு நாள் பாராட்டும், மூன்றாம் நாள் நீ சஸ்பென்ஷனில் தனியாக நிற்பாய், அதற்கப்புறம் பேச்சு உன் வீடியோவைப் பற்றி இருக்குமே தவிர அந்த அம்மாவின் போனைப் பற்றி இருக்காது.

அந்த அம்மாவுக்கும் வழி மூடிவிடவில்லை. புகாரை மின்னஞ்சலில் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். ஸ்டேஷனில் மறுத்தால் துணை ஆணையரான டி.சி.க்கு எழுதலாம், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஃப்ஐஆர் நகல் இலவசம். அவர் மறுபடி ஸ்டேஷனுக்கு வந்தால் இதை அவரிடம் சொல்ல உனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மெமோவின் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பதிலை நீயே எழுது, நான் படித்துத் திருத்தித் தருகிறேன். கெடு முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளிப்போடாதே, அடுத்த பந்தோபஸ்து எப்போது வரும் என்று உனக்கே தெரியாது.

அன்புடன்,
அண்ணன்