கீரி வந்த தீவிலிருந்து

செயின்ட் ஜான்ஸ்,
ஆன்டிகுவா

அன்புள்ள செல்வம்,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? வாத்தியார் இன்னும் அதே சைக்கிளில்தான் வருகிறாரா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாம்பைப் பார்த்தேன். கிணற்றடியில் சாரையைக் கண்டு வேட்டியை விட்டுவிட்டு ஓடிய உனக்கு இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கரீபியன் கடலில் இருக்கும் இந்த ஆன்டிகுவாவின் வடகிழக்குக் கரையை ஒட்டி கிரேட் பேர்ட் ஐலண்ட் என்று ஒரு குட்டித் தீவு. சுமார் 20 ஏக்கர் இருக்கும். பாறை இடுக்கிலிருந்து அது மெல்ல வெளியே வந்தது. ஆன்டிகுவன் ரேசர் என்று பெயர். பெண் பாம்பு, வெள்ளிச் சாம்பல் நிறம், முதுகில் வெளிர்பழுப்புத் திட்டுகள். விஷம் கிடையாது, பல்லியைத் தின்று பிழைப்பது. என் செருப்புக்கு அரையடி தள்ளி நின்று நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் புதருக்குள் போய்விட்டது.

ஒரு காலத்தில் ஆன்டிகுவா முழுக்க இந்தப் பாம்பு இருந்ததாம். அழித்தது யார் தெரியுமா? கீரி! கரும்புத் தோட்டத்தில் எலித் தொல்லை தாங்காமல் 1872-இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமைக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கிருந்து தீவு தீவாகப் பரப்பி, இங்கேயும் கொண்டுவந்தார்கள். எலி நடமாடுவது ராத்திரி, கீரி வேட்டைக்குக் கிளம்புவது பகல். அப்புறம் என்ன? பாம்பையும் பல்லியையும் தரையில் கூடு கட்டும் பறவைகளையும் தின்று தீர்த்தது. 1936 வாக்கில் இந்தப் பாம்பு இனமே அற்றுப்போனதாக முடிவு கட்டிவிட்டார்கள். கீரி போகாத இந்தச் சின்னத் தீவில் மட்டும் ஒளிந்து பிழைத்திருந்தது.

1995-இல் எண்ணிப் பார்த்தபோது உலகத்திலேயே மிச்சம் சுமார் 50. ஐம்பதுதானடா! நம் வகுப்பில்கூட அதைவிட அதிகம் பேர் இருந்தோம். பிடித்துப் பார்த்தவற்றில் பலவற்றின் உடம்பில் எலி கடித்த தழும்பு. அந்த வருடமே விஷம் வைத்து எலிகளை ஒழித்தார்கள். பிறகு பக்கத்துத் தீவுகள் மூன்றில் பாம்புகளைக் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை, செல்வம். அந்தத் தீவுக்குச் சுற்றுலாப் படகுகள் வந்தபடியே இருக்கின்றன. ஒரு படகில், ஒரு சாப்பாட்டுக் கூடையில், சினையாக ஒரே ஒரு எலி வந்து இறங்கினால் போதும். புதர்களுக்கு நடுவே மெழுகுக் கட்டிகள் வைத்திருக்கிறார்கள். எலி வந்திருந்தால் அதில் ஜோடிப் பல் தடம் பதிந்திருக்கும். எங்களைக் கூட்டிப்போன பெண் ஒவ்வொரு கட்டியையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் கீறல் இருந்தது. அவள் பேசவே இல்லை. விரலால் தடவி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "நண்டு" என்றாள். அப்புறம்தான் நானும் மூச்சு விட்டேன்.

வரும் ஞாயிறும் அவளோடு போகிறேன். இந்தத் தடவை பாதிக் கட்டிகளை நான்தான் பார்க்க வேண்டும். உன் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி, என்ன கேட்டாள் என்று எழுது. சாரைக் கதையையும் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
முருகேசன்